அமாவாசையில் வராத அலை

நிரந்தர இடம் ஒன்று; அதற்குத் தற்காலிக ஆட்கள் இரண்டு பேர். எழுபதுகளின் தொடக்கத்தில், அரூரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் துறையில் நிலைமை இதுதான். பங்குனி மாதம் நிர்வாகத்தார் வந்து எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர் ஏப்ரல் கடைசியோடு கிளம்ப வேண்டும்.

எங்கள் இருவரையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்திருக்கிறேன். அவர்: எம்.எஸ்சி., முதல் வகுப்பு, தஞ்சாவூர்ப் பக்கம், ஆண், இருபத்தொன்பது வயது, மூன்று கல்லூரிகளில் தற்காலிக அனுபவம். நான்: பி.எஸ்சி., இரண்டாம் வகுப்பு, அதற்குமேல் ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஓராண்டுப் பயிற்சி, கடத்தூர், பெண், இருபத்துமூன்று. எந்தப் பத்தி கனம் என்பதில் சந்தேகமில்லை. துறைத் தலைவர் அதை மறைக்கவும் இல்லை.

"நீ எதுக்கும்மா கவலப்படற? கல்யாணம் ஆனா புருசன் ஊருக்குப் போயிடுவ. அவரு எங்க போவாரு, பாவம்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

வீட்டிலும் அதே பேச்சுத்தான். வேலை நிலைக்காவிட்டால் ஆனியில் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை யார் என்பது மட்டும்தான் பாக்கி.

எனக்குப் போட்டியாக இருந்த அவர் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததைத் தாராளமாகச் சொல்லித் தருவார்; எதிரில் இருப்பவருக்கும் ஏதாவது தெரிந்திருக்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாது. அவர் கைபட்டுக் கெட்டுப்போன கால்வனாமீட்டரை நான் சரிசெய்து கொடுத்தால், "உங்களுக்கு நல்ல கை. தலைக்கு வேலை குடுக்காதீங்க, கையே போதும்" என்பார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

அந்த ஆண்டு அவரை ஈர்ப்பு அலை பிடித்துக்கொண்டது.

ஈர்ப்பு அலை என்றால் என்ன என்பதை இன்று என் மாணவிகளுக்குச் சொல்லும் விதத்திலேயே இங்கும் சொல்கிறேன். ஒரு பொருள் இருக்கும் இடத்தைச் சுற்றி வெளி வளைகிறது. மற்றப் பொருள்கள் அந்த வளைவின் வழியே போகின்றன; அதைத்தான் ஈர்ப்பு என்கிறோம். பொருள் நகர்ந்தால் வளைவும் மாற வேண்டும். ஆனால் அந்த மாற்றம் தொலைவில் உடனே தெரியாது. சூரியனை இந்த நொடியில் யாராவது பிடுங்கி எறிந்துவிட்டால், பூமி இன்னும் எட்டு நிமிடம் இல்லாத சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகுதான் சேதி வரும். வெளியின் வளைவில் ஒளியின் வேகத்தில் ஓடிவரும் அந்தச் சேதிதான் ஈர்ப்பு அலை.

எல்லா அசைவும் அலையை எழுப்பிவிடாது. கேழ்வரகு அரைக்கும் திருகை சுற்றுகிறது. கல் எல்லாப் பக்கமும் ஒரே வட்டம் என்பதால் எந்த நொடி பார்த்தாலும் ஒரே தோற்றம்தான். தூரத்துக்குச் சொல்ல அதனிடம் புதுச் சேதி ஏதும் இல்லை. ஒரு நட்சத்திரம் உருண்டை குலையாமல் வீங்கிச் சுருங்கினாலும் இதே கதைதான். இரண்டு பெண்கள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவது வேறு. ஒரு நொடி கிழக்கு மேற்காக இருக்கிறார்கள், மறு நொடி வடக்கு தெற்காக. இரண்டு கனத்த நட்சத்திரங்கள் இப்படி ஒன்றையொன்று சுற்றும்போது வெளி தாளம் தப்பாமல் குலுங்குகிறது. குலுக்கல் அலையாக வெளியே போகிறது. அலை எடுத்துச் செல்லும் ஆற்றல் அந்தச் சுற்றிலிருந்துதான் குறைய வேண்டும். ஆகவே இரண்டும் மெல்ல நெருங்கும், நெருங்க நெருங்க வேகம் கூடும், கடைசியில் மோதும். ஒரு நட்சத்திரம் ஒருபக்கமாகச் சரிந்து வெடித்தாலும் அலை எழும்.

அலை வந்து சேரும்போது நம்மைத் தள்ளாது; நீட்டி ஒடுக்கும். சல்லடையின் மூங்கில் வளையத்தை இரண்டு பக்கமும் அழுத்தினால் ஒரு திசையில் ஒடுங்கி மறு திசையில் நீளும் அல்லவா, அதைப் போல. வழியில் உள்ள எல்லாமே இப்படி மாறி மாறி நீண்டு ஒடுங்கும்: நான், மேசை, சித்தேரி மலை. எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் அந்த நீட்சி ஓர் அணுவின் கருவைவிடப் பல மடங்கு சிறுத்துவிடும். இன்னொன்று: அதை எதுவும் தடுக்காது. மலை, கடல், நிலா எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து மறுபக்கம் போய்விடும்.

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் கணக்குப்படியே நெருங்கிவருகின்றன என்று இப்போது பத்திரிகையில் படிக்கிறேன். ஆக, அலை இருக்கிறது. நேராக அதை யாரும் பிடித்ததாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. அன்றைக்கு அமெரிக்காவில் ஒருவர் பெரிய அலுமினிய உருளையைத் தொங்கவிட்டுப் பிடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் அதேபோல் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் கல்லூரிக்கு முதல் பாதிச் செய்தி மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவர் துறையின் சாமான் அறையைக் காலி செய்தார். இரண்டடி நீள அலுமினியத் தண்டு ஒன்றை உத்தரத்திலிருந்து எஃகுக் கம்பியில் தொங்கவிட்டார். தண்டின் நுனியில் சிறு கண்ணாடித் துண்டு; அதன்மேல் விளக்கொளி; ஒளி தெறித்து எதிர்ச்சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் புள்ளியாக விழும். தண்டு மயிரிழை அசைந்தாலும் புள்ளி விரற்கடை நகரும். கண்ணாடியை நேராக ஒட்டியது நான்தான். எதிர்ப்புறம் இருந்த அரவை மில்லின் எஞ்சினால் புள்ளி நாள் முழுவதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுக்கத்தை விட்டுவிட்டு, குதிப்பதை மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்தார்.

மூன்றாவது நாளே புள்ளி குதித்தது, மதியம் பன்னிரண்டே முக்கால் சுமாருக்கு. மறுநாளும் குதித்தது. அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்: தேதி, நேரம், எத்தனை முறை, சாட்சி. சாட்சி நான்.

"உங்களுக்கு இதோட கணக்கெல்லாம் புரியாது, பரவால்ல. கண்ணால பாத்ததுக்குக் கையெழுத்து போடுங்க, போதும்."

போட்டேன். தை அமாவாசையன்று புள்ளி குதிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

மாசி பிறந்து சில நாள் இருக்கும். காலையில் வீட்டில் வேலை இருந்ததால் கடத்தூரிலிருந்து மதியப் பேருந்தில் வந்தேன். அரூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது சாலையில் சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு ஓர் ஆள் நின்று வண்டியை மறித்தான். பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். "வெடி! வெடி!" என்று இரண்டு மூன்று குரல்கள் கேட்டன.

"யாரும் எறங்காதீங்க," என்றார் கண்டக்டர். "மண்டைல கல்லு வுழுந்தா பாதி டிக்கெட்டு திருப்பித் தர மாட்டோம்."

அடுத்தடுத்து இரண்டு வெடி. பேருந்தின் தகரம் அதிர்ந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: பன்னிரண்டு நாற்பத்தேழு.

கல்லூரிக்குள் நுழைந்ததும் அவர் எதிரே ஓடிவந்தார். "இன்னிக்கு ரெண்டு தடவை! பன்னெண்டு நாப்பத்தேழு! கையெழுத்து போடுங்க."

"நான் பாக்கலீங்களே சார்."

"நேர்மைன்னா இதான்," என்று என்னைப் புகழ்ந்தார்.

மாலையில் திரும்பும்போது பேருந்தை நிறுத்தச் சொல்லி அந்தக் கிணற்றடியில் இறங்கினேன். ஐம்பது அடி ஆழம், முழுக்கப் பாறை. கிணறு வெட்டும் மேஸ்திரி மேலே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வுழுவ வந்தியா?" என்றார். "தண்ணி இன்னும் வரல. இப்ப வுழுந்தா காலுதான் ஒடியும்."

கல்லூரியில் வேலை பார்ப்பவள் என்றேன். உடனே 'டீச்சரம்மா' ஆனேன், பேச்சில் 'ங்க' வந்தது. எல்லாம் சொன்னார். காலையெல்லாம் பாறையில் குழி அடிப்பார்கள்; மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் மேலே ஏறியதும் தோட்டா வைத்துத் திரி கொளுத்துவார்கள்; புகை அடங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம். தை மாதத்திலிருந்து இதே கிணறுதான். எங்கள் கல்லூரிச் செயலாளரின் தோட்டம் அது. அரூரில் புளி மண்டி வைத்திருந்தவர்.

"தெனமும் வெக்கறீங்களா?"

"அமாவாசைக்கு மட்டும் மருந்துல கை வெக்க மாட்டோங்க. எங்க பங்காளி ஒருத்தன் வெச்சான். அவன் கையத்தான் இன்னும் தேடிக்கினு இருக்கறோம்." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது பழைய சிரிப்பு.

எங்கள் மாவட்டத்தில் இது யாருக்கும் தெரிந்த விஷயம். மண்ணைக் கொஞ்சம் சுரண்டினால் பாறை. பாறை அங்கிருந்து கல்லூரி வரை ஒரே பாளம். மில் எஞ்சினின் இரைச்சலில் சத்தம் வந்து சேராது, அதிர்ச்சி வந்து சேரும். தஞ்சாவூர்க்காரருக்கு இது தோன்ற வழியில்லை. அவர் ஊரில் கிணறு வெட்ட மண்வெட்டி போதும்.

ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன, அவை எனக்கே தெரிந்திருந்தன. ஒன்று, நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். அங்கிருந்து வரும் சேதி இரண்டு மாதத்தில் நான்கு மணி நேரம் முன்னால் போயிருக்க வேண்டும். அவருடைய புள்ளி சாப்பாட்டு நேரத்தை விட்டு நகரவே இல்லை. இரண்டாவது, ஈர்ப்பு அலையை எதுவும் தடுக்காது.

மாசி அமாவாசையன்று புள்ளி அசையாது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். இருட்டறையில் அவருக்குப் பக்கத்தில் நின்று, அது அசையாததை ஒரு மணி நேரம் பார்த்தேன். கதவைத் திறந்ததும் அவர் முகம் குழந்தை முகம்போல் இருந்தது.

"நிலா! ரெண்டு அமாவாசை, ரெண்டு தடவையும் இல்ல. சூரியன் இருக்கற பக்கத்துலேர்ந்து வர்ற அலையை நடுவுல நிலா வந்து தடுக்குது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"ஈர்ப்பு அலையை எதுவும் தடுக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அதுதான் புதுசு!" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். துறைத் தலைவர் தட்டிக்கொடுத்தார். பங்குனியில் நிர்வாகத்தார் வரும் வெள்ளிக்கிழமை, நேர்முகத்துக்குப் பதில் இதையே நேரில் காட்டிவிடுவதென்று முடிவாயிற்று. "நீயும் ஏதாவது காட்டணுமேம்மா," என்றார் துறைத் தலைவர், எனக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்ற நிம்மதியோடு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை மறுபடி கிணற்றடியில் இறங்கி மேஸ்திரியைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம மட்டும் கொஞ்சம் நேரம் கழிச்சு வெக்க முடியுங்களா? சரியா ஒண்ணு பத்துக்கு ஒரு வெடி. நாலு நிமிசம் விட்டு ரெண்டு."

"ஏனுங்க?"

"காலேஜில ஒரு பரீட்சைங்க."

அது பொய் இல்லை. என் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவருடைய மணிக்கட்டில் அதன் பட்டை பாதிதான் சுற்றியது. "பொம்பள வாச்சி கட்டினா பசங்க என்னையக் கெணத்துல எறக்கிடுவானுங்க," என்று வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டார். திரி எரியும் நேரம் அவருக்கு மூச்சுவிடுவதுபோல் தெரியும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு முதல்வரிடம் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்து, நான் சொல்லும்போது பிரிக்கும்படி கேட்டுக்கொண்டேன். சாமான் அறையில் ஐந்து பேர்: செயலாளர், முதல்வர், துறைத் தலைவர், அவர், நான். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். அலை எப்படி எழுகிறது, எப்படி வருகிறது என்று பத்து நிமிடம் பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு விளக்கை அணைத்தார். எல்லோரும் சுவரில் இருந்த புள்ளியைப் பார்த்தோம்.

பன்னிரண்டு நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தைந்து. புள்ளி மில்லுக்கு மட்டும் நடுங்கியது.

"எங்கங்க சார் உங்க நச்சத்திரம்?" என்றார் செயலாளர். "சாப்புடப் போயிருச்சா?"

"இப்ப வரும் சார். சில நாள் கொஞ்சம்..."

"இன்னிக்கி அமாவாசைங்களா?"

துறைத் தலைவர் சிரித்தார். தஞ்சாவூர்க்காரர் கம்பியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து வந்துதே. நீங்க சொல்லுங்களேன்."

"நேத்து வந்தது," என்றேன்.

ஒன்று. ஒன்று ஐந்து. சலவைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "போலாங்களா?" என்று செயலாளர் எழுந்தபோது, "இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கலாங்க," என்று நான்தான் சொன்னேன். தஞ்சாவூர்க்காரர் என்னை நன்றியோடு பார்த்தார்.

ஒன்று பத்துக்குப் புள்ளி குதித்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" அவர் கத்திவிட்டார். செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்று பதினான்குக்கு மறுபடியும், தொடர்ந்து இரண்டு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"சார், அந்த உறையைப் பிரிச்சுடலாங்க."

முதல்வர் விளக்கைப் போட்டு உரக்கப் படித்தார். வழக்கமான நேரத்தில் புள்ளி குதிக்காது. ஒன்று பத்துக்கு ஒருமுறையும், ஒன்று பதினான்குக்கு இருமுறையும் குதிக்கும். காரணம், செயலாளர் தோட்டத்துக் கிணற்றில் வைக்கும் வெடி. அமாவாசையன்று குதிக்காததற்குக் காரணம், அன்று ஆட்கள் வெடிமருந்தைத் தொடுவதில்லை. கீழே தேதியும் என் கையெழுத்தும்.

 செயலாளருக்குத்தான் முதலில் புரிந்தது.

"நம்ம கெணறா? அய்யா, எங் கெணத்தையா இத்தினி நாளா வானத்துல தேடிக்கினு இருந்தீங்க?" சிரிப்பில் அவருக்குப் புரையேறியது, கதவைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நானே கூட்டிக்கினு போயி எட்டிப் பாக்க வெச்சிருப்பனே!"

துறைத் தலைவரும் சிரித்தார். நேற்று வரை தட்டிக்கொடுத்த கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல்வர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தப் பொண்ணு இருந்தா எவனும் நம்மள ஏமாத்த முடியாது," என்று செயலாளர் அங்கேயே சொன்னார். திங்கட்கிழமை எனக்கு நியமன உத்தரவு வந்தது.

அவருக்கு இன்னும் மூன்று வாரம் வகுப்புகள் இருந்தன. மாணவர்கள் அவருக்குத் 'தோட்டா சார்' என்று பெயர் வைத்தார்கள். கரும்பலகையில் கிணறு வரைந்து அடியில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டார்கள். அவர் வராந்தாவில் நடந்தால் எங்கிருந்தாவது "வெடி! வெடி!" என்று குரல் வரும், மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆசிரியர் அறையில் அதையே கொஞ்சம் மெதுவாகச் செய்தார்கள். அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பிறகு எழுதிப் பார்த்தேன். பேருந்தில் வந்த அன்றே சொல்லியிருக்கலாம். நான்கு நிமிடக் கணக்கை மட்டும் கேட்டிருக்கலாம். மற்றதை அவரே கண்டுபிடித்திருப்பார். ஒரு மதியம் கிணற்றடிக்கு அழைத்துப்போயிருக்கலாம். வியாழக்கிழமை மாலையில்கூடச் சொல்லியிருக்கலாம். கட்டுரையைக் கிழித்துவிட்டு மறுநாள் சாதாரண நேர்முகத்துக்கு வந்திருப்பார். நான்கு வழிகளிலும் கடைசி வரி ஒன்றுதான்: இடம் அவருக்குப் போயிருக்கும். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை.

கடைசி நாள் சாமான் அறைச் சாவியை ஒப்படைக்க வந்தார். தண்டைக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தார். நோட்டுப் புத்தகம் கையில் இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மாசி மொத வாரம், சார். நான் மதியம் வந்த அன்னிக்கு."

அந்தத் தேதியை எடுத்து, அதற்குக் கீழே விரலை ஓட்டி எண்ணினார். "முப்பத்தொரு கையெழுத்து."

"புள்ளி நகந்தது நெசந்தானே சார். அதுக்குத்தான் போட்டேன்."

"ஒரு நாளாவது சொல்லிடலாம்னு தோணலையா?"

"தோணுச்சு. மாசி அமாவாசையன்னிக்கு."

"அப்பறம்?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

 அவர் மேசையில் உட்கார்ந்து, கோல் வைத்து, பக்கத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டார். மேலே 'காரணம்' என்று எழுதினார். முதல் நாளிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'கிணறு' என்று எழுதிக்கொண்டே வந்தார். மேற்படி என்று குறி போடவில்லை. ஒவ்வொரு முறையும் முழுச் சொல். இரண்டு அமாவாசைக்கும் 'கிணறு இல்லை' என்று எழுதினார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

முடித்ததும் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, பேனாவையும் வைத்தார். "சாட்சி," என்றார்.

முழுவதையும் ஒருமுறை சரிபார்த்தேன். ஒரு வரியில் தேதி தவறியிருந்தது. அதைச் சொன்னேன், திருத்தினார். கையெழுத்துப் போட்டேன். சேலம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார். இரண்டு மணிக்கு எனக்குச் செய்முறை வகுப்பு இருந்தது.